பந்தியும் பலகையும்

‘சாட்சி’ என்பது வழக்குமன்றச் சொல். கண்டதைக் கண்டவாறு, கேட்பவர் முகத்திற்கு அஞ்சாது கூறுபவன் எவனோ அவனே சாட்சி. கிரேக்க மொழியிலும் இப்பொருள் பயக்குஞ் சொல்லொன்று உண்டு. ஆதித் திருச்சபையார் பலர் ரோம அதிகாரிகள் முன்னிலையில் தம் விசுவாசத்தை மறுக்க இசையாது உயிர் நீத்தமையால், நாளடைவில் அச்சொல் உயிர் நீத்தவர்க்கே உரிய பெயராயிற்று. தமிழ்க் கிறிஸ்தவரோ இவ்விரண்டையும் வேறு பிரித்து, சொல்லாற் சான்று பகர்வோனைச் சாட்சி என்றும், உயிராற் பகர்வோனை இரத்தசாட்சி என்றும் வழங்கலாயினர். மொழிநூல் நோக்கில் இது நல்ல பிரிவினையே. ஆயினும் அதனால் ஒரு தீங்கும் விளைந்ததென்பது என் துணிபு. துணிவு வேண்டுவது இரத்தசாட்சிக்கே. சாட்சிக்கு வேண்டுவது நாவன்மை மட்டுமே என்று நாம் எண்ணத் தலைப்பட்டுவிட்டோம்.

தாம்பரத்திலிருந்து வடக்கே ரெயிலிற் செல்வோர் பரங்கிமலையைக் காணாது போவதில்லை. அப்போஸ்தலராகிய தோமா அங்கே ஈட்டியாற் குத்துண்டு இறந்தார் என்பது நெடுங்கால மரபு. தெற்கே ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் 1752-ஆம் ஆண்டில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. இத்தகையோர் வரலாற்றைக் கேட்கையில் நெஞ்சம் உருகுகின்றது. ஆனால் பத்தொன்பது வயதில் முடிச்சூரிலிருந்து பேருந்தேறிக் கலாசாலைக்கு வந்து, மாலையில் வீடு திரும்பும் என்போன்றார் முன்னே ஈட்டியுமில்லை, துப்பாக்கியுமில்லை. கழுத்திற் சிலுவை அணிவதை எவரும் தடுப்பதில்லை. ஞாயிறுதோறும் ஆலயஞ் செல்வதை எவரும் கேட்பதுமில்லை. அங்ஙனமாயின், நம் அன்றாட வாழ்வில் விசுவாசத்திற்கென்று துணிவு வேண்டப்படும் இடம் யாது? அவ்விடம் மிக அருகில் உள்ளது: உண்ணும் பந்தியும் உட்காரும் பலகையுமே அது. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு பந்தியைக் காண்போம். பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அந்தியோகியா நகரத்து நிகழ்ச்சியொன்றைக் குறிக்கின்றார். அங்கே யூதரும் யூதரல்லாதாருமாகிய விசுவாசிகள் ஒரே பந்தியில் உண்டனர். பேதுருவும் அவர்களோடு உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்தனர். வந்தவர் என்ன நினைப்பாரோ என்று அஞ்சிய பேதுரு, மெல்ல மெல்லப் பந்தியிலிருந்து விலகினார். அவரைப் பார்த்துப் பிறரும் விலகினர். பவுலின் உற்ற துணைவராகிய பர்னபாவும் விலகினார். அப்பொழுது பவுல், எல்லாரும் கேட்க, பேதுருவை முகத்துக்கு நேரே கடிந்தார்.

ஈண்டு நோக்கற்பாலது யாதெனின், பேதுரு கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. கோட்பாடு எதனையும் மாற்றிக் கூறவுமில்லை. இலையை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் அமர்ந்தார், அவ்வளவே. கேட்டிருந்தால், வந்தவர் மனம் நோகலாகாது என்பதற்காகவே அங்ஙனஞ் செய்தேன் என்று கூறியிருப்பார். நம் ஊர்ப் பெரியவர்களும் இன்னமும் கூறும் சமாதானம் அதுதானே! பவுலோ அதனை மரியாதை பற்றிய சிறு பூசலாகக் கொள்ளவில்லை. சுவிசேஷத்தின் உண்மையே அப்பந்தியிற் குலைந்ததாகக் கொண்டார்.

இனி, பலகைக்கு வருவோம். இது நம் கலாசாலையின் சொந்தக் கதை. ஆயினும் நம்முள் பலர் இதனைச் செவிவழியாகவேனும் கேட்டிலர் என அஞ்சுகின்றேன். ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துச் சபை மிஷனெரி 1837-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்துப் போதகர்கள் ஈராண்டுகட்கு முன் தொடங்கியிருந்த சிறு பள்ளியை ஏற்று, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஆர்மேனியன் தெருவில் வாடகை வீடொன்றிற் பாடசாலை திறந்தார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையாக வளர்ந்து, 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்துக் காட்டிடையே குடிபுகுந்தது அப்பாடசாலையே. ஆங்கிலக் கல்விக்கு அக்காலத்திற் பெரு வேட்கை இருந்தது. ஆதலின் மேற்குலத்து இந்து மாணவர் திரளாக வந்து சேர்ந்தனர். வேதபாடம் உண்டென்பதை அறிந்தே வந்தனர். அதனை அவர்கள் பொறுத்துக்கொண்டனர்.

பொறுக்கவொண்ணாதது வேறொன்று. 1838-ஆம் ஆண்டில், அப்பள்ளியிற் பயிலும் சிறுவருள் தாழ்த்தப்பட்ட குலத்தவர் சிலர் உளர் என்பது வெளிப்பட்டது. உடனே கிளர்ச்சி மூண்டது. அச்சிறுவரை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அவர்களுக்கென்று தனிப் பலகையேனும் இடவேண்டும் என்று மற்றையோர் கோரினர். இரண்டாவது கோரிக்கையைச் சற்று ஊன்றி நோக்குக. அது எத்துணை எளிதாகத் தோன்றுகின்றது! எவரையும் வெளியேற்ற வேண்டுவதில்லை. கல்வி எல்லார்க்கும் ஒன்றே, ஆசிரியர் ஒருவரே, பாடமும் ஒன்றே. ஒரு பெஞ்சை நான்கு முழம் தள்ளிப் போட்டால் எல்லாம் அமைதியுறும். தச்சனுக்குக் கொடுக்குங் கூலியினும் மிகுதியாக அதற்குச் செலவில்லை. பள்ளி தொடங்கி ஈராண்டும் நிரம்பவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அறிவு புகட்டும் வாய்ப்பை ஒரு பெஞ்சின்பொருட்டு இழத்தல் தகுமா என்று நன்மதியுடையோர் கேட்டிருக்கலாம். அது மூடர் கேள்வியன்று. நானே அவ்விடத்து ஆசிரியனாக இருந்திருந்தால் ஓரிரவாயினும் அக்கேள்வியோடு உறங்காது கிடந்திருப்பேன்.

ஆண்டர்சன் இசையவில்லை. சிறுவரை நீக்கவுமில்லை, தனிப் பலகை இடவுமில்லை. மேற்குலத்து மாணவர் திரள் திரளாக வெளியேறினர். பள்ளி ஏறக்குறைய வெறிச்சோடிற்று. சின்னாட்களிற் பலர் திரும்பி வந்தனர். வந்தவர் அதே பலகையில், அதே சிறுவர்க்கு அருகில் அமர்ந்தனர். வாதத்தினால் மாறாதது பலகையினால் மாறிற்று.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் ஆண்டர்சனது உறுதியையே புகழ்வர். அது புகழத்தக்கதே. நம் கலாசாலை மண்டபம் ஒன்று அவர் பெயரைத் தாங்குவதும், சென்னை எஸ்பிளனேடில் அவர் பெயரால் ஓர் ஆலயம் நிற்பதும் முறையே. ஆனால் என் உள்ளம் அச்சிறுவர்பாற் செல்கின்றது. தம்மைச் சுட்டி இத்துணைக் கூச்சல் எழுந்தபோது, ஒவ்வொருவராக எழுந்து வெளியேறும் தோழர்களைப் பார்த்துக்கொண்டு, அப்பலகையில் அவர்கள் இருந்தார்களே! அவர்கள் கிறிஸ்தவரல்லர், வேதபாடம் கேட்க வந்த பிள்ளைகள். எழுந்து ஓடியிருந்தால் யாவர்க்கும் எளிதாயிருக்கும், ஆண்டர்சனுக்கும் எளிதாயிருக்கும். வெள்ளைக்காரப் போதகர்க்கு அக்காலத்தில் அரசின் நிழல் உண்டு; மாலையில் அச்சிறுவர் திரும்பிச் சென்ற தெருவில் அவர்கட்கு எந்நிழலும் இருந்திராது.

இதற்கு நூற்றுப்பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, அமெரிக்காவின் மான்ட்கமரி நகரத்துப் பேருந்தொன்றில் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினத்துப் பெண்மணி தம் இருக்கையை வெள்ளையருக்கு விட்டெழ மறுத்தார் என்பதை உலகம் அறியும். தையல்வேலை செய்து பிழைத்த அவர், தம் மெதடிஸ்து சபையில் ஊன்றிய பக்தியுடையவர். அவர் சிறைப்பட்டதை அடுத்து அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தேறாது நடந்தே சென்றனர். இருக்கை என்பது எல்லா நாட்டிலும் சிறு பொருளன்று போலும்.

மீண்டும் சென்னைக்கு. 1841-ஆம் ஆண்டில் அதே பாடசாலையின் மாணவராகிய இராஜகோபால், வெங்கடராமையா என்னும் இருவரும், அவர்களை அடுத்து எதிராஜுலுவும் ஞானஸ்நானம் பெற்றனர். இம்முறையும் பள்ளி காலியாயிற்று. மூவரும் பிற்காலத்திற் குருப்பட்டம் பெற்று உழைத்தனர். வீட்டையும் சுற்றத்தையும் விட்டுப் பிரிந்த அவர்கள் துன்பம் சிறிதன்று. அது தனியே எழுதத்தக்கது.

கலாசாலையில் நிகழ்ந்த இது திருச்சபைக்குள் எளிதாக நிகழ்ந்திருக்கும் என்று எவரும் எண்ணவேண்டா. உண்மை அதற்கு நேர்மாறு. புறமதத்தார் பிள்ளைகள் ஒரே பலகையில் அமர்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் பலர் ஆலயத்திலே தனித்தனி வரிசையில் அமர்ந்தனர். இராப்போசனப் பாத்திரத்தையும் குலமுறைப்படி முன்னும் பின்னுமாகப் பெற்றனர். 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகட்குக் கடிதம் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டு விலகினர். 1835-ஆம் ஆண்டில் பேராயர் தாமே தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்தார். அப்பொழுதும் பூசல் முற்றும் அடங்கவில்லை.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்விடத்தில் நெஞ்சை உறுத்தும் முள்ளொன்று உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் இலர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய அப்பெருங்கவிஞர், சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரின் இளமைத் தோழர். சாதி வழக்கங்களை நீக்க முற்பட்ட இளைய மிஷனெரிமாரை அவர் எதிர்த்து நின்றார். 1829-ஆம் ஆண்டளவில் தம் கட்சியை நிறுவி எழுதவுஞ் செய்தார். அதனால் விளைந்த இன்னல்களையும் தாங்கினார். அந்நிய நாட்டுப் போதகர் தமிழர் வழக்கத்தை அறியாது தமிழர்மேல் ஆணை செலுத்துகின்றனர் என்னும் அவர் முறையீட்டில் ஓரளவு நியாயமும் உண்டு. பாட்டுக்களை மாற்றுதலும் பண்டிகைப் பூக்களை விலக்குதலும் எம்மனோர்க்கும் உவப்பன அல்ல. ஆனால் வரிசைகளைக் கலத்தலாகாது என்று அவர் வாதிட்டபோது, தாம் விசுவாசத்தின்பொருட்டே துணிந்து நிற்பதாக அவர் மெய்யாகவே நம்பினார் என்பதுதான் வருந்தத்தக்கது.

இதனாற் பெறப்படுவது யாது? துணிவு மட்டுமே விசுவாசத்திற்குச் சான்றாகாது என்பது. தொல்காப்பியனார் பெருமிதம் என்னும் மெய்ப்பாடு கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கின் வழியே தோன்றும் என்பர். அஞ்சாமையைத் தனியே நிறுத்தாது கொடையோடு ஒருங்கு வைத்த அவர் நுண்மாண் நுழைபுலம் வியக்கத்தக்கது. ஒருவன் அஞ்சாது நிற்கின்றான் எனின், அவன் நிற்பதனால் எவன் எதனை இழக்கின்றான் என்றும் கேட்டல் வேண்டும். ஆண்டர்சன் நின்றமையால் இழப்பு அவரது, இடம் சிறுவரது. சாஸ்திரியார் நின்றமையால் இழப்பு அவருக்கும் உண்டு. ஆயினும் இடம் இழந்தவர் ஆலயத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஏழையரே. கவிஞர்பால் எனக்குள்ள அன்பு இவ்வெழுத்தினாற் குறையவில்லை. அவர் பாட்டைப் பாடுவேன். அவர் வரிசையில் அமரேன்.

சுவர் எழுப்பிய கதையும் உண்டு. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற கத்தோலிக்க ஆலயம், காற்சட்டையின் இரு கால்போல இரண்டு மண்டபங்களாய்ப் பிரிந்து, பீடத்தில் வந்து கூடும் வடிவமுடையது. ஒன்று ஒரு சாதிக்கு, மற்றொன்று மற்றையோர்க்கு, இடையே சுவர். பீடத்தில் நிற்குங் குருவுக்கு இருபாலும் தெரியும். இருபாலார்க்கும் ஒருவரையொருவர் தெரியாது. சிற்பத் திறமை இங்ஙனமும் பயன்பட்டது! 1910-ஆம் ஆண்டில் அச்சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டுமென்று வழக்காடியவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றனர். தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டத்தை, அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்குமுன் ரோமாபுரி நீக்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. உயிர் கொடுத்து இருநூற்றெழுபது ஆண்டுகட்குப் பின்னும் அவர்க்கு அந்தச் சிறு உதவி தேவைப்பட்டது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவார் ஒருகால் முடிச்சூருக்கு வருக. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் தெருக்களிற் புகுந்ததும், படகிற் சென்று மக்களை மீட்டதும் செய்தித்தாள் படித்தோர் அறிவர். அப்பொழுது நான் சிறுபிள்ளை. எங்கள் தெருவில் மாடிவீடு ஒன்றில் நாற்பது பேருக்குக் குறையாது இரண்டு இரவு தங்கினோம். ஒரே பானைக் கஞ்சி. இருந்த தம்ளர்கள் ஏழோ எட்டோ. எவர் வாய் வைத்த தம்ளர் எவர்க்கு வந்ததென்று எவரும் பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்தது, சேற்றை அள்ளி வெளியே கொட்டினோம். வீட்டுக்கு வருவோரைப் பற்றி உள்ளறையிலிருந்து மெல்லக் கேட்கும் பழைய கேள்வியும் வீடுகட்குத் திரும்பி வந்துவிட்டது: “அவங்க நம்ம ஆளுங்கதானே?”

கிறிஸ்தவக் குடும்பங்களில் இக்கேள்வி உரக்க எழுவது திருமணப் பேச்சில். மணமகன் எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்பது முதல் வினா. அதற்கு விடை கிடைத்ததும் குரல் தாழ்த்திக் கேட்பது இரண்டாம் வினா. சென்ற ஆண்டு என் அக்காளுக்கு வந்த வரன் ஒன்றைப் பற்றி எந்தையார் அவ்விரண்டாம் வினாவைக் கேட்டார். பையன் நல்லவன், வேலையுடையவன், ஜெபசிந்தையுள்ளவன் என்றெல்லாம் முன்னரே அறிந்திருந்தோம். அக்காள் எதிர்த்துப் பேசி அறியாதவள். அன்று காப்பித் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, “அப்பா, குடும்ப ஜெபத்துல எல்லாரையும் சகோதரர்னு சொல்றீங்க. அதையே இங்கேயும் சொல்லுங்கப்பா” என்றாள். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. தந்தையார் மறுமொழி கூறாது எழுந்து வெளியே சென்றார். அதற்குப் பின் ஒரு திங்கள்வரை வீட்டிற் குடும்ப ஜெபத்தைத் தாயாரே நடத்தினார்கள். அவ்வரன் இன்னும் முடியவுமில்லை, முறியவுமில்லை.

பவுலுக்குக்கூட இத்துணை இடர் இருந்திராது என்று நான் எண்ணுவதுண்டு. பேதுரு அவர்க்கு மூத்த அப்போஸ்தலர்தாம், தந்தையல்லர். தமிழ் வீட்டிற் பெரியோர் சொல்லுக்கு மாறு கூறுதல் எத்தகையது என்பதை நாம் அறிவோம். பொது மேடையில் நின்று சாதியொழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். உண்ணும் இடத்தில், நம்மை வளர்த்தவர் முகத்தை நோக்கி, அவர்பால் அன்பும் மரியாதையும் சிறிதுங் குறையாமல், ஒரே ஒரு வாக்கியம் சொல்வது அங்ஙனம் எளிதன்று. கோபித்துச் சொல்வோமாயின் அது நம் பெருமைக்குச் சான்றாகுமேயன்றிக் கிறிஸ்துவுக்குச் சான்றாகாது. சொல்லாது விழுங்குவோமாயின் பேதுருவைப்போல் இலையை எடுத்துக்கொண்டவராவோம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழி ஒற்றையடிப் பாதை.

இதனினுங் கடியதொரு சோதனை வேறு சிலர்க்கு உண்டு. அது எனக்கு இல்லை. 1950-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, பட்டியலினத்தார்க்குரிய உரிமைகளை இந்துக்களுக்கென்று வரையறுத்தது. 1956-ஆம் ஆண்டில் சீக்கியரும், 1990-ஆம் ஆண்டில் பௌத்தரும் அதனுட் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆதலின், சேரியிற் பிறந்த ஒருவன் கிறிஸ்தவன் எனப் பதிவு செய்துகொண்டால், தமிழ்நாட்டில் அவன் பிற்பட்ட வகுப்பிற் சேர்வான். பட்டியலினத்தார்க்குரிய 18 விழுக்காட்டு இடங்களும், அவர்க்கென ஒதுக்கிய தேர்தல் தொகுதிகளும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் அவனுக்கு இல்லையாம். தெருவில் அவனை இழித்துரைப்பவன் அவனது ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டு இழித்துரைப்பதில்லை. சட்டமோ அதனைக் கேட்கின்றது. ஆகையாற் பலர் ஆலயத்தில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்கின்றனர். அவர்களைக் கோழைகள் என்று பிரசங்கஞ் செய்வாரைக் கேட்டிருக்கின்றேன். ஒரு காசும் இழவாதவன் பிறனை இழக்கச் சொல்லுதல் தகாது. அப்பிரசங்கியாருக்கு மெய்யாகவே துணிவு இருக்குமாயின், தம் மகளுக்கு அவர்கள் வீட்டிற் பெண்ணெடுக்க இசைவு சொல்லட்டும். பிறகு சான்றிதழைப் பற்றிப் பேசலாம்.

எனினும், அவ்விலையை அறிந்தே கொடுத்தார் ஒருவரை யான் அறிவேன். என் வகுப்புத் தோழர். பெயர் கூறுதலை விரும்பார். மேல்நிலை வகுப்பு முடித்து, சாதிச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுக்கச் சென்றிருந்தார். அவர் தந்தை கட்டட வேலை செய்பவர். அன்றைய கூலியை விட்டு உடன் வந்திருந்தார். மதம் என்னுமிடத்தில் தோழர் எழுதியதைக் கண்ட எழுத்தர், நல்லெண்ணத்தோடேயே, “தம்பி, யோசிச்சுத்தான் எழுதினியா? இப்படி எழுதினா உனக்கு எஸ்.சி. வராது. உன் மார்க்குக்கு அதுல சேர்ந்தா பெரிய படிப்பே கிடைக்கும்பா” என்றாராம். தோழர் தந்தையைப் பார்த்தார். தந்தை, “நீதான் படிக்கப் போறவன். உன் இஷ்டம்” என்றார். தோழர் சற்று நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “இருக்கட்டும் சார்” என்று கையொப்பமிட்டார்.

இதனை அவர் எனக்குச் சொன்னது முதலாண்டின் நடுவில், மழைக்கு ஒதுங்கி நூல்நிலையத்து வாயிலில் நின்றபோது. அவர் விரும்பிய படிப்பில் இடம் கிடைக்கவில்லை. தமிழ் வகுப்பிற்கு வந்தார். வருந்தினாயா என்று கேட்டேன். சில நாள் வருந்தினேன், சில நாள் இல்லை என்றார். பிறகு மழை விட்டது. இருவரும் உணவு கொள்ளச் சென்றோம்.